ரோசாச் சீனியும் அப்பாவின் கொழுந்துக் கணக்கும்

முதல் போத்தலை நான் செய்தது ஒரு ஜூலை மாதத்தில். இலங்கை மலைநாட்டு டிக்கோயாவில் ஜூலை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: திங்கட்கிழமை துவைத்த பள்ளிக்கூடச் சட்டை புதன்கிழமையும் சில்லென்றுதான் இருக்கும், உப்புப் போத்தலைச் சரித்தால் உப்புக்கு முன்னால் தண்ணீர் வரும், தீப்பெட்டியை அடுப்புப் பக்கம் வைக்க மறந்தால் காலையில் தேத்தண்ணி கிடையாது. அப்படிப்பட்ட மாதத்தில், மழை விட்ட அரை மணி நேரத்தில் வாசல் ரோசாவைப் பறித்து, உதறி, ஒரு கிலோ சீனிக்குள் அடுக்கடுக்காகப் போட்டு, மூடியை இறுக்கி ஜன்னலில் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நான்காம் நாள் பார்த்தால் போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்புப் பாகு, அதற்கு மேல் கரண்டி இறங்காத பாறை, பாறைக்குள் பழுப்பாகிப்போன இதழ்கள். திறந்தால் ரோசா வாசம் வந்தது உண்மைதான். கூடவே புளித்த கள்ளு வாசமும் வந்தது.

ஒரு கிலோ சீனி. 2022 இல் கேஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வீடு எங்களுடையது, சீனியைக் கொட்டுவதென்றால் கை வராது. ஆனால் கொட்டத்தான் வேண்டியிருந்தது.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் லவ் கேக். நாங்கள் கோயிலுக்குப் போகிற ஆட்கள்தான், ஆனால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதி வீடு வேதக்காரர்கள், தீபாவளிக்கு நாங்கள் பலகாரத் தட்டு அனுப்பினால் கிறிஸ்மஸுக்கு அவர்கள் கேக் தட்டு அனுப்புவார்கள். ஹட்டனில் ஒரு பேக்கிங் வகுப்புக்குப் போய்வந்த பிறகு அந்தக் கேக்கில் பாதி என் தலையில் விழுந்தது. லவ் கேக் தெரியாதவர்களுக்கு: ரவை, பொடியாக நறுக்கிய கஜு, நிறைய முட்டை மஞ்சள் கரு, பட்டர், தேன், ஏலக்காய், சாதிக்காய் எல்லாம் போட்டு, கடைசியில் பன்னீர் ஊற்றிச் செய்வது. போர்த்துக்கீசர் காலத்துப் பழக்கம் என்பார்கள், பறங்கியர் வீடுகளில் வளர்ந்து இப்போது இலங்கையின் எல்லாக் கிறிஸ்மஸ் மேசைக்கும் வந்துவிட்டது. அந்தப் பன்னீருக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த ரோஸ் எசன்ஸை ஊற்றினால் கேக் முழுக்க ஊதுபத்தி மணம். வாசலில் ரோசா பூத்துக் கொட்டுகிறது, நான் ஏன் போத்தல் எசன்ஸோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று தோன்றியதில் வந்த வினைதான் மேலே சொன்ன பாறை.

அப்பா தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் யாராவது கீரை வாங்கி வந்தால் முதலில் கையில் அள்ளி அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். அன்றைக்கு அந்தப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏ புள்ள, மழைக் கொழுந்து வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? அப்படியே ரோலருக்கா தள்ளுவோம்?"

"வாட்டுவீங்க."

"பெறகு இத ஏன் நீ வாட்டல?"

அவ்வளவுதான். இந்தக் கேள்விக்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இதன் கிளைகள்தான்.

பச்சை இதழில் பெரும்பகுதி தண்ணீர். சீனிக்குள் போட்டதும் சீனி அந்தத் தண்ணீரை வெளியே இழுக்கும், மணமும் அதோடு சேர்ந்து வரும். மணம் வருவது நமக்கு வேண்டியது, தண்ணீர் தங்குவது வேண்டாதது. மூடியை இறுக்கி வைத்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை, சீனி கரைந்து பாகாகும், நீர்த்த பாகில் புளிப்பு ஏறும். இதைக் கெட்டியாக, வேண்டுமென்றே செய்தால் அதன் பெயர் குல்கந்து, இதழும் சீனியும் ஏறக்குறைய சம எடை போட்டு வெயிலில் வைத்துக் கிளறுவது. நான் செய்தது குல்கந்தும் இல்லை, சீனியும் இல்லை. நடுவில் நின்ற ஒன்று. உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் மோந்து பாருங்கள், புளிப்பு வாடை வராவிட்டால் கொஞ்சம் தண்ணீரும் தேசிக்காய்ச் சாறும் விட்டுக் கொதிக்கவைத்து வடித்து சர்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புளித்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, பூவே போடாவிட்டாலும் எங்கள் ஊரில் சீனி கட்டியாகும். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 85 சதவீதத்தைத் தாண்டினால் சீனி தானாகவே காற்றிலிருந்து ஈரம் இழுக்கத் தொடங்கும். மூடுபனி ஜன்னலுக்குள் நுழைகிற வீட்டில் அந்த அளவு சர்வசாதாரணம். அதனால் மணச்சீனிக்கும் ஒரு பருவம் இருக்கிறது, அது தேயிலையின் குவாலிட்டி சீசன், நல்ல தூள் வருகிற மாதங்கள்தான். திம்புள்ள, டிக்கோயாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பகலில் காய்ந்த வெயில், இரவில் பல் கிட்டும் குளிர். ஊவாப் பக்கம் அது ஜூலையிலிருந்து செப்டம்பர், மலையைத் தாண்டி வருகிற காற்று வறண்டு அடிக்கும். பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி, நான் பாறை உடைத்துக்கொண்டிருந்த அதே ஜூலையில் சுளகில் போட்ட இதழை ஒன்றரை நாளில் அப்பளம் மாதிரி காயவைத்துப் படம் அனுப்பினாள். எரிச்சலாக இருந்தது.

ஆகவே மாதம் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் ஓவன் வேண்டும்.

சரி, பூவுக்கு வருவோம். எல்லா ரோசாவும் இதற்கு ஆகாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியாப் பக்கத்து ஹக்கல பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், 1861 இல் மலேரியா மருந்துக்கான சின்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கிய இடம், இன்றைக்கு ரோசாவுக்காகவே ஆட்கள் போகிறார்கள். அங்கே பார்க்கிற மாதிரி உள்ளங்கை அகலப் பூக்களைப் பார்த்தால் ஆசை வரும், ஆனால் நிறத்துக்கும் அளவுக்கும் நாள்பட நிற்பதற்கும் என்று வளர்த்தெடுத்த வகைகளில் பலவற்றில் மணம் பேருக்குத்தான். சீனிக்கு வேண்டியது நாம் பன்னீர் ரோசா என்று சொல்கிறோமே, இளஞ்சிவப்பு, மெல்லிய இதழ், தண்டெல்லாம் முள், பறித்து இரண்டு நாளில் உதிர்ந்துவிடும், அது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் முன்பே மணக்கிற பூ மட்டும்தான் சீனியிலும் மணக்கும். மணமில்லாத பூவை எவ்வளவு கொட்டினாலும் நிறம்தான் மிச்சம்.

கடைப் பூவை வாங்கவே வேண்டாம். மாலைக்கும் பூங்கொத்துக்கும் வளர்க்கிற பூவுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, அது சாப்பிடுகிற சாமானாக வளர்த்ததும் இல்லை. கோயில் வாசல் பூக்கடைக்கும் இதே கதைதான். எங்கள் வீட்டிலேயே இரண்டு செடி இருக்கிறது, வாசலில் ஒன்று, தேயிலை மலைக்குப் போகிற படிக்கட்டு ஓரத்தில் ஒன்று. படிக்கட்டுச் செடிதான் நன்றாகப் பூக்கும், ஆனால் மலைக்கு அடிக்கிற களைமருந்தின் தூவானம் அதுவரைக்கும் வருமென்பதால் அதில் கை வைப்பதில்லை. லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பக்கத்தில் நிற்கிற செடிக்கும் அதேதான்.

பறிக்கிற நேரம் பனி காய்ந்ததும், வெயில் உறைக்கும் முன். எங்கள் வாசலில் அது எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில். முழுதாக மலர்ந்து இன்னும் உதிரத் தொடங்காத பூவாகப் பாருங்கள். இதழைப் பிய்த்து, அடியில் வெள்ளையாக இருக்கும் முனையைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், அது கசக்கும். முதல் இரண்டு தடவை நான் இதைச் செய்யவில்லை, ஷார்ட்பிரெட்டில் நாக்கின் கடைசியில் ஒரு கசப்பு வந்து நின்றது, பட்டர்தான் பழசு என்று நினைத்து அநியாயத்துக்குக் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். கழுவ வேண்டாம். வெள்ளைக் கடதாசியில் நிழலில் பரப்பி ஒரு மணி நேரம் விட்டால் பூச்சிகள் தாமாக இறங்கிப் போய்விடும். புழுதி இருந்தால் மட்டும் ஒரு முறை தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுக்கலாம், அப்புறம் காய வைப்பதற்கு அரை நாள் கூடுதலாக ஆகும்.

காயவைக்கிற கதை தனிக் கதை. ஜூலைப் பாறைக்குப் பிறகு நான் செய்த அடுத்த புத்திசாலித்தனம், அடுப்புக்கு மேல் விறகு காயப்போடும் பரணில் சுளகை வைத்தது. சூடு இருக்கிறது, காற்று இருக்கிறது, காசும் செலவில்லை. இரண்டே நாளில் இதழ் மொறுமொறுவென்று காய்ந்தது. சீனியோடு சேர்த்து அரைத்தேன். அப்பா ஒரு சிட்டிகை வாயில் போட்டுவிட்டு, "கருவாட்டுச் சீனியா?" என்றார். உண்மையில் அப்படித்தான் இருந்தது. அவர் வேலை பார்த்த இடத்தில் ட்ரையர் அடுப்பில் எங்காவது ஓட்டை விழுந்து புகை உள்ளே போனால் அந்தத் தூள் முழுவதும் புகை பிடித்துவிடும், விலை போகாது. மேல்மாடிக்கு வெங்காயம்கூடக் கொண்டுபோக விடமாட்டார்களாம், வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தவனை ஏச்சு வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிய கதைகள் அவரிடம் நிறைய. வாடிய இலை பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் வாங்கிக்கொள்ளும், இதழும் அதே சாதிதான்.

அதனால் இப்போது செய்வது இது. சமையலறையில் இல்லை, படுக்கையறையில், மேசைமேல் சுளகு, சுளகின்மேல் மெல்லிய வேட்டித் துணி, அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி இதழ். ஜன்னல் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை திறந்திருக்கும், பனி இறங்கும் முன் மூடிவிடுவேன். நேர் வெயில் கூடாது, நிறம் வெளுத்துவிடும், மணமும் போய்விடும். மழை மாதமென்றால் ஓவனை மிகக் குறைந்த சூட்டில் போட்டு, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். கரண்டி இல்லாமல் மூடினால் இதழ் காயாது, வேகும். ஒரு தடவை வெந்த இதழைப் பார்த்தீர்கள் என்றால் மறுபடி அந்தத் தப்பைச் செய்யமாட்டீர்கள், புளித்த பீட்ரூட் தோல் மாதிரி சுருண்டு கிடக்கும்.

எடையைச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. 100 கிராம் பச்சை இதழ் முழுதாகக் காய்ந்ததும் என் தராசில் 16 கிராம் வந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "அஞ்சு கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூளு, உம்பூவு அதுக்கும் மேல" என்றார். 100 கிராம் பச்சை இதழ் என்பது ஒரு பெரிய பேசின் நிறைய, பூக் கணக்கில் முப்பது, நாற்பது பூ. ஒரே நாளில் அவ்வளவு எப்போதும் கிடைக்காது, காய்ந்ததைச் சேர்த்துக்கொண்டே வரலாம். ஆனால் நேற்றுக் காய்ந்ததோடு இன்றைய ஈர இதழைக் கலக்காதீர்கள், காய்ந்தது மறுபடி நனைந்துவிடும்.

சீனி வெள்ளைச் சீனியாக இருக்கட்டும். சிவப்புச் சீனியில் கரும்புப் பாகின் மணம் இருப்பதால் ரோசா அதற்குள் தொலைந்துவிடும், ஏலக்காய், கறுவாவுக்கு அது பொருத்தம், பூவுக்கு இல்லை. கேக் சாமான் கடைகளில் கிடைக்கும் நைஸ் சீனி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரணச் சீனியைக் கிரைண்டரில் இரண்டு சுற்று சுற்றினால் போதும். ஐசிங் சீனி வேண்டாம், கடையில் விற்பதில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும்.

நான் இரண்டு விதமாகச் செய்கிறேன். மழைக்காலத்தில் முழுக்கக் காய்ந்த இதழ் மட்டும்தான். விரலில் நசுக்கினால் பொரி மாதிரி நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. 500 கிராம் சீனிக்கு 12 முதல் 15 கிராம் காய்ந்த இதழ். கிரைண்டரில் முதலில் இதழும் இரண்டு மேசைக்கரண்டி சீனியும் மட்டும் போட்டு விட்டு விட்டு அரைக்க வேண்டும், சீனியின் கூர் இதழை அறுத்துக் கொடுக்கும். ஒரேயடியாக ஓடவிட்டால் ஜார் சூடாகி மணம் மூடிக்கு ஏறிவிடும், திறந்ததும் சமையலறை மணக்கும், சீனி மணக்காது. மீதிச் சீனியைக் கையால் கலந்து, சல்லடையில் சலித்து, கப்பியை மறுபடி அரைத்துப் போத்தலில் போட்டு ஒரு வாரம் தொடாமல் வைத்தால் மணம் எல்லாப் பக்கமும் பரவிவிடும். நிறமும் பார்க்க நன்றாக இருக்கும்.

காய்ந்த மாதங்களில் செய்வது வேறு, எனக்குப் பிடித்ததும் அதுதான். முழுதாகக் காயவைத்தால் மணத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. அதனால் அப்பாவின் கணக்குப்படி பாதிதான் வாட்டுகிறேன். ஃபெக்டரியில் கொழுந்தை மொறுமொறுவென்று காயவிட மாட்டார்கள், தண்ணீர் ஓரளவு இறங்கி இலை துவண்டதும் எடுத்துவிடுவார்கள், கைப்பிடி அள்ளி அழுத்திவிட்டுக் கையைத் திறந்தால் பந்து மாதிரி நிற்கும், உடனே விரியாது. அதே சோதனை இதழுக்கும் சரியாக வருகிறது. இரவு முழுவதும் துணியில் கிடந்த 100 கிராம் இதழ் காலையில் 55, 60 கிராமுக்கு இறங்கி, பட்டுத் துணி மாதிரி துவண்டு கிடக்கும். அதை அப்பா வந்து அள்ளி அழுத்தி, திறந்து, தலையாட்டினால்தான் அடுத்த வேலை. 500 கிராம் சீனியில் அதைக் கொட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மெதுவாகத் தேய்த்துத் தேய்த்துக் கலந்தால் சீனி ஈர மணல் மாதிரி ஆகி இளஞ்சிவப்புப் பிடிக்கும், கை இரண்டு நாளைக்கு மணக்கும். அப்படியே அகலமான தட்டில் அரை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை முள்கரண்டியால் கிளறி உடைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் போய்விடும். ரோசா மணத்தில் பெரிய பங்கு வகிக்கும் பினைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் கரையக்கூடியது, பன்னீர் என்று ஒரு சாமான் இருப்பதே அதனால்தான், இதழின் தண்ணீர் சீனிக்குள் இறங்கிப் போகும்போது அதையும் கொண்டுபோய் சீனியில் விட்டுவிட்டுத்தான் ஆவியாகிறது என்பது என் கணக்கு. எப்படியோ, இந்த முறையில் செய்த சீனி அரைத்த சீனியைவிட நன்றாகவே மணக்கிறது. கட்டி இருந்தால் இடித்துச் சலித்துவிடலாம், இதழை எடுக்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம்.

மல்லிகை இந்தக் குளிரில் சரியாக வருவதில்லை. மாத்தளையில் சித்தி வீட்டில் பந்தல் நிறைய உண்டு, சித்திரை விடுமுறைக்குப் போனபோது அங்கேயே செய்து பார்த்தேன். ரோசாவுக்குச் சொன்ன எதுவும் மல்லிகைக்குப் பொருந்தாது. காயவைத்த மல்லிகையில் மணமே இல்லை, வைக்கோல்தான். மல்லிகை மொட்டு சாயங்காலம் பறித்தபிறகும் இரவில் விரியும், விரிகிற அந்த நேரத்தில்தான் மணத்தை வெளியே விடும். சீனாவில் மல்லிகைத் தேயிலை செய்கிறவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், இரவில் தேயிலையோடு மொட்டை அடுக்கி, காலையில் பூவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மறுநாள் புதுப் பூ. சீனியிலும் அப்படியே செய்தேன். ஆறு மணிக்குப் பறித்த மொட்டு, அகலச் சட்டியில் ஒரு அடுக்குச் சீனி, ஒரு அடுக்கு மொட்டு, மேலே தட்டு, இறுக்கமாக இல்லை. விடிந்ததும் பூவை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும், எட்டு மணிவரை தூங்கினால் பழுத்து வாடை மாறிவிடும். சீனியைப் பகலில் தட்டில் உலர்த்தி, இரவு மறுபடி புது மொட்டு. மூன்று இரவு. நான்காம் இரவு போட்டதில் கூடுதலாக ஒன்றும் ஏறவில்லை. சித்தி பார்த்துவிட்டு, "தலையில வைக்கிறத சீனில வைக்கிறியே" என்று சிரித்தார், அப்புறம் பால் டொபிக்கு அவரே ஒரு கப் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரோசா இல்லாத மாதத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய பங்களாத் தோட்டங்களில் ரோசா மணக்கும் ஜெரேனியம் நிற்கும், இலையைக் கசக்கினால் ரோசாவும் தேசிக்காயும் கலந்த மாதிரி மணம். ரோசாவில் இருக்கும் ஜெரானியோலும் சிட்ரோனெல்லோலும் இதன் இலையிலேயே உண்டு. பத்துப் பன்னிரண்டு இலையை அரை நாள் வாட்டி 500 கிராம் சீனிக்குள் புதைத்து, ஒரு வாரத்தில் எடுத்துவிட்டால் போதும். மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், போன வருஷம் நான் கொடுத்த "ரோசாச் சீனி"யில் இரண்டு போத்தல் இதுதான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. லாவெண்டர் காய்ந்த மொட்டாகக் கிடைத்தால் 500 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள், இரண்டாவது கரண்டியில் அது சவர்க்காரம் ஆகிவிடும். கோப்பிப் பூவிலும் ஆசைப்பட்டுப் பார்த்தேன், காய்ந்த நாட்களுக்குப் பிறகு முதல் மழை பெய்ததும் மரம் முழுக்க ஒரேயடியாக வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும், மனசு கேட்கவில்லை. முதல் நாள் தேன் மணம், மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை.

மணக்கிறதே என்று எல்லாப் பூவையும் சீனியில் போட்டுவிடக் கூடாது, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மலைநாட்டு வாசல்களில் அழகுக்கு நிற்கும் பூக்களில் பல விஷம். ஸ்வீட் பீ நன்றாக மணக்கும், சாப்பிடக் கூடாது. குலைகுலையாக நீலத்திலும் ரோஸிலும் பூக்கும் ஹைட்ரேஞ்சியா ஆகாது. ஓடைக்கரையில் வெள்ளையாக நிற்கும் ஆரம் லில்லி, கீழ்நோக்கித் தொங்கும் பெரிய ஊமத்தை, அசேலியா, அரளி எதுவுமே கூடாது, அலங்காரத்துக்காகக் கேக் மேல் வைக்கவும் கூடாது. பிள்ளைகள் உதவிக்கு வந்தால் முதல் வேலையாக இதைச் சொல்லிக்கொடுங்கள். என் அண்ணன் மகள் நல்ல மனசோடு ஒரு கூடை ஹைட்ரேஞ்சியா கொண்டுவந்து நின்றாள்.

இனி கேக். பூ மணம் சூட்டில் நிற்காது. 180 பாகையில் ஒரு மணி நேரம் வேகிற பட்டர் கேக்கில் சீனி முழுவதையும் ரோசாச் சீனியாகப் போட்டேன், ஓவனைத் திறந்தபோது லயம் முழுக்க மணந்தது, வெட்டிச் சாப்பிட்டால் சாதாரணப் பட்டர் கேக். மணம் எங்கே போனது என்று லயத்துக்கே தெரியும். கூடவே நிறம் வேறு கெட்டது. இதழின் சிவப்பு புளிப்பில் பளிச்சென்று இருக்கும், பேக்கிங் சோடா மாதிரி காரப் பொருள் பட்டால் நீலமும் சாம்பலுமாக மாறும், செவ்வரத்தையும் அப்படித்தான், சங்குப்பூ பச்சைக்கே போய்விடும். சோடா போட்ட அந்தக் கேக்கின் உள்பக்கம் மழைக்கால வானம் மாதிரி இருந்தது. அதனால் மாவுக்குள் பாதி, வெந்து இறக்கிச் சூடு கொஞ்சம் ஆறியதும் மேலே தூவ பாதி. லவ் கேக்குக்கும் நான் இப்படித்தான், தேன் ஊற்றும்போது ரோசாச் சீனியையும் கரைத்து ஊற்றி, ஆறியபிறகு மேலே ஒரு கை. ஷார்ட்பிரெட், பட்டர் ஐசிங், அடித்த கிரீம், கிரிபத்தோடு, அதாவது பால்சோற்றோடு, வைக்கும் வாழைப்பழத்தின் மேல் ஒரு சிட்டிகை, இவற்றில்தான் முழு மணம் தெரியும். பூச்சீனியும் சீனிதான், கேக்கில் போடும்போது அளவைக் கூட்டக் குறைக்க வேண்டியதில்லை, ஈரம் இல்லாமல் இருந்தால் சரி.

பரிசாகக் கொடுப்பதற்குப் பழைய ஜாம் போத்தல் போதும், ஆனால் மூடியை மோந்து பாருங்கள். போத்தலைச் சுடுதண்ணியில் கழுவி ஓவனில் காயவைத்து எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, அச்சாறு போட்டிருந்த மூடியை மாட்டி, என் பிள்ளையின் டீச்சருக்குக் கொடுத்தேன். அவர் நல்ல மனுஷி, "வித்தியாசமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். மூடியின் உள்பக்க ரப்பரில் ஏறிய வாடை எதற்கும் போகாது, புது மூடி கிடைக்காவிட்டால் அந்தப் போத்தலையே விட்டுவிடுங்கள். விளிம்புவரை நிரப்பினால் உள்ளே காற்று குறையும், மணம் நிற்கும். அரிசி கொஞ்சம் துணியில் முடிந்து உள்ளே போட்டால் ஈரம் இழுக்கும் என்பார்கள், நான் போட்டதில்லை. பூவின் பெயர், செய்த மாதம், இதழ் உள்ளே இருக்கிறதா எடுத்தாயிற்றா என்பதை ஒட்டி அனுப்புங்கள், சிலருக்குப் பூந்தாது ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டுக் கணக்கில் நாலு மாதத்தில் மணம் இறங்கத் தொடங்குகிறது. கெட்டுப்போவதில்லை, வெறும் சீனியாகத் திரும்பிவிடும்.

வைக்கிற இடத்தை மட்டும் நான் கடைசியாகத்தான் கற்றுக்கொண்டேன். போன பிப்ரவரியில் செய்த ஆறு போத்தலையும் சமையலறை மேல்தட்டில், தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தேன். ஒரு மூடி சரியாக இறுகவில்லை போல. பத்து நாள் கழித்து விடியற்காலையில் அப்பாவுக்குச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் எப்போதும் தேத்தண்ணியில் சீனி போடமாட்டார், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடிப்பார். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் கீழே வைத்தார். எழுந்துபோய்ப் பேணியைத் திறந்து, ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் போட்டு, மூச்சை ஊதிச் சூடேற்றி, மோந்து பார்த்தார்.

"அரைக் கிலோ தூளு," என்றார். "முழுக்க ரோசாப்பூ."

மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போத்தல்கள் இப்போது என் சேலை அலமாரியில் இருக்கின்றன. அந்தத் தூளை நான் தீர்க்க வேண்டியதாயிற்று, பாலும் ஏலக்காயும் போட்டால் மோசமில்லை. அப்பா மட்டும் புதுப் பேணி வாங்கச் சொல்லி, அதைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். சீனியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார், சிவப்புப் போத்தலில் இருந்து, உள்ளங்கை நிறைய.